வாசிக்க விதி, எழுத வழக்கம்: சிங்கப்பெருமாள் கோவில் – ஒரகடம் தொழில்தடத்தின் மின்னாவணங்களும் எக்ஸ்எம்எல் வெளியீட்டு இடைமுகங்களின் குறைகளும் (1998–2023)

ஆய்வுச் சுருக்கம்

எக்ஸ்எம்எல் என்ற ஆவண வடிவம் 1998இல் தரநிலையானபோது அதை வாசிக்கும் மென்பொருள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விதி வகுக்கப்பட்டது. எழுதும் மென்பொருளுக்கு அப்படியொரு விதி இல்லை. மரமாகக் கட்டிய ஆவணத்தைக் கோப்பாக வெளியிடும் பொது இடைமுகம் 2004இல்தான் வந்தது. அதற்குள் கணக்கு மென்பொருள்களும் எக்செல் மேக்ரோக்களும் தத்தம் வழக்கப்படி எழுதப் பழகிவிட்டன. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை நீளும் தொழில்தடத்தின் உதிரிபாக ஆலைகளை வந்தடைந்த ஆவண முறைகளைக் கால வரிசையில் பார்த்து, இந்த இடைவெளி யார் தலையில் விழுந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஜேசன் என்ற வேறொரு தரவு வடிவத்துக்கு மாறியதால் சிக்கல் தீர்ந்தது என்ற கருத்தை இது ஏற்கவில்லை. சரிபார்க்கும் பொறுப்பைப் பெறுபவர் ஏற்று, அனுப்பிய உடனேயே பதில் சொல்லத் தொடங்கியதுதான் உண்மையான திருப்பம் என்பதே இதன் வாதம்.

1. தொழில்தடமும் அதன் காகிதமும்

பாடலாத்ரி நரசிம்மரின் பல்லவர் காலக் குடைவரைக் கோயிலால் பெயர்பெற்ற சிங்கப்பெருமாள் கோவில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் பிரியும் முனையில் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் சாண்ட்ரோ காரை வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் உற்பத்தியைத் தொடங்கி 2014இல் நிறுத்தியது. சிங்கப்பெருமாள் கோவிலை ஒட்டிய மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் பிஎம்டபிள்யூ ஆலை 2007இலும், ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இலும், டைம்லரின் லாரி ஆலை 2012இலும் திறக்கப்பட்டன. முதல் எக்ஸ்எம்எல் தரநிலை வெளியான நாள் 10 பிப்ரவரி 1998. தொழில்தடத்தின் வளர்ச்சியும் இந்த ஆவண வடிவத்தின் வளர்ச்சியும் ஒரே கால்நூற்றாண்டில் நடந்தவை.

கார் ஆலைகள் உதிரிபாகங்களை வாரக்கணக்கில் குவித்து வைப்பதில்லை. ஷெட்யூல் படி, நாள்தோறும் லாரி வர வேண்டும். லாரியோடு இன்வாய்ஸ், டெலிவரி சலான், சரக்கு புறப்பட்டதை முன்கூட்டித் தெரிவிக்கும் ஏ.எஸ்.என். ஆகியவையும் சேர வேண்டும். வாங்குபவரின் கணினியில் ஏ.எஸ்.என். ஏறவில்லை என்றால் கேட் என்ட்ரி விழாது. சரக்கு வாசலில் நிற்கும். ஆகவே ஒரு கோப்பு சரியாக எழுதப்பட்டதா, சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வி இங்கே நிரலாளரோடு நிற்பதில்லை. டிஸ்பேட்ச் மேசையில் உட்கார்ந்திருப்பவரின் அன்றாடக் கவலை அது.

2. எக்ஸ்எம்எல்லுக்கு முந்தைய ஒழுங்கு

மோட்டார் தொழில் எக்ஸ்எம்எல்லுக்கு முன்பே மின்னாவணப் பரிமாற்றத்துக்குப் பழகியது. ஐரோப்பாவில் ஓடெட், ஜெர்மனியில் விடிஏ, அமெரிக்காவில் எக்ஸ்12, ஐ.நா.வின் எடிஃபாக்ட் என்று முறைகள் பல. எடிஃபாக்டில் டெல்ஃபோர் என்பது வரவிருக்கும் தேவைப் பட்டியல். டெஸாட்வ் என்பது சரக்கு புறப்பட்ட அறிவிப்பு. இன்வாய்க் என்பது விலைப்பட்டியல். பார்க்க இவை கரடுமுரடானவை. கூட்டல் குறி, முக்காற்புள்ளி, ஒற்றை மேற்கோள் ஆகியவற்றால் பிரிக்கப்பட்ட நீண்ட வரிகள் அவை. தரவுக்குள்ளேயே அந்தக் குறிகள் வந்தால் முன்னால் ஒரு கேள்விக்குறி இட்டு எழுத வேண்டும்.

இருந்தும் அனுப்புவதற்கான ஒழுங்கு அவற்றின் உடம்பிலேயே இருந்தது. ஒவ்வொரு செய்தியின் கடைசிப் பகுதியும் அதில் எத்தனை பகுதிகள் உள்ளன என்ற எண்ணிக்கையைச் சுமந்தது. பாதியில் அறுந்த செய்தியைப் பெறுபவர் அந்த எண்ணைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம். வந்த செய்தி ஏற்கப்பட்டதா, எந்த இடத்தில் பிழை என்று திருப்பிச் சொல்ல கண்ட்ரல் என்ற தனிச் செய்தியே இருந்தது. எக்ஸ்12இல் அந்த வேலையை 997ஆம் எண் ஆவணம் செய்தது. எழுதுவது கடினம், வாசிப்பதும் கடினம். ஆனால் அனுப்பியவர் இருட்டில் விடப்படவில்லை.

3. ஆறாண்டு இடைவெளி: 1998–2004

டிம் பிரே, ழான் பாவோலி, ஸ்பெர்பெர்க்-மெக்வீன் ஆகியோர் பதிப்பித்த எக்ஸ்எம்எல் 1.0 தரநிலை, ஆவணங்களை உருவாக்குவது எளிதாக இருக்க வேண்டும் என்பதையும் தன் பத்து நோக்கங்களுள் ஒன்றாக வைத்திருக்கிறது. ஆனால் அது ‘எக்ஸ்எம்எல் செயலி’ என்று வரையறுத்தது வாசிக்கும் மென்பொருளைத்தான். அமைப்புப் பிழை ஒன்றைக் கண்டால் அந்தச் செயலி வழக்கமான வேலையைத் தொடரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னது. எழுதும் மென்பொருளுக்கு அப்படியொரு கடமை எங்கும் விதிக்கப்படவில்லை. பிழை செய்தவர் ஒருவர், நின்றுபோகிறவர் இன்னொருவர் என்ற நிலை இங்கேதான் தொடங்குகிறது.

நிரல் இடைமுகங்களும் இதே சாய்வைக் காட்டின. டேவிட் மெகின்சன் முன்னின்று 1998 மே மாதத்தில் வெளிவந்த சாக்ஸ், ஆவணத்தை வாசித்துக்கொண்டே உறுப்பு தொடங்கியது, எழுத்துகள் வந்தன, உறுப்பு முடிந்தது என்று நிகழ்வுகளாகச் சொல்லும். எழுத விரும்பியவர்கள் அதே நிகழ்வுகளைத் தலைகீழாகப் பயன்படுத்தினார்கள். மெகின்சனே அதற்கொரு துணைநிரல் எழுதினார். ஆனால் சாக்ஸின் அடிப்படைக் கையாளி குறிப்புரைகளையும் சிடேட்டா பகுதிகளின் எல்லைகளையும் தெரிவிப்பதில்லை. அதை மட்டும் நம்பித் திரும்ப எழுதினால் மூல ஆவணம் அப்படியே மீண்டும் கிடைக்காது.

1998 அக்டோபர் 1 அன்று வெளியான டாம் முதல் நிலை, ஆவணத்தை நினைவகத்தில் மரமாக வைத்தது. அதில் கிளை சேர்க்கலாம், நீக்கலாம். ‘இந்த மரத்தைக் கோப்பாக எழுது’ என்ற கட்டளை மட்டும் அதில் இல்லை. 2000 நவம்பரில் வந்த இரண்டாம் நிலையிலும் இல்லை. 2004 ஏப்ரல் 7 அன்று வெளியான மூன்றாம் நிலையின் ‘ஏற்றலும் சேமித்தலும்’ பகுதியில்தான் வெளியீட்டுக்கான சீரியலைசர் இடைமுகம் தரமாகச் சேர்ந்தது.

இடைப்பட்ட ஆண்டுகளில் ஆளுக்கொரு வழி. மைக்ரோசாஃப்டின் எம்எஸ்எக்ஸ்எம்எல் தன் மரத்துக்குத் தானே ஒரு சேமிப்புக் கட்டளை வைத்துக்கொண்டது. ஜாவா உலகில் அபாச்சியின் ஜெர்சஸ் தனியொரு வெளியீட்டுத் தொகுப்பு வைத்திருந்தது. பிறகு ஜாவாவின் பொது எக்ஸ்எம்எல் இடைமுகத்தில் உருமாற்றி சேர்ந்ததும், எந்த மாற்றமும் செய்யாத ஓர் எக்ஸ்எஸ்எல்டி உருமாற்றத்தை ஓட்டி அதன் விளைவைக் கோப்பில் சேமிப்பது நிரலாளர்களின் வழக்கமான தந்திரமானது. ஒரு கோப்பை எழுத உருமாற்று எந்திரம் ஒன்றைக் கூப்பிட வேண்டியிருந்ததே குறையின் அளவைச் சொல்லிவிடும்.

2004இல் இறுதியான ஜாவாவின் ஸ்டாக்ஸ் இடைமுகம், பெரிய ஆவணங்களை மரம் கட்டாமல் நேராக எழுதும் வசதியைத் தந்தது. ஆனால் அதன் ஆவணமே, தனக்கு வரும் உள்ளீடு நல்லமைப்பு உடையதா என்று எழுதும் கருவி சோதிப்பதில்லை என்று சொல்லிவிடுகிறது. உள்ளடக்கத்திலுள்ள & போன்ற குறிகளை மாற்றி எழுதுவது மட்டுமே அதன் மீதுள்ள கட்டாயம். டாட்நெட்டின் முதல் எழுதும் கருவியும் உறுப்புப் பெயர்களைச் சோதிக்கவில்லை. எழுத்துச் சோதனையை அமைப்பாகத் தேர்ந்தெடுக்கும் வசதி 2005இன் இரண்டாம் பதிப்பில் வந்தது.

4. மேசையில் தெரிந்த மூன்று கோணல்கள்

தொழில்தடத்தின் பெரிய ஆலைகளில் இவற்றைக் கவனிக்கத் தனிக் கணினிப் பிரிவுகள் உண்டு. இரண்டாம், மூன்றாம் அடுக்கு சப்ளையர்களிடம் இருப்பது டேலி என்ற கணக்கு மென்பொருள், எக்செல், கணக்கர் ஒருவர். வெளியீட்டு இடைமுகங்களின் குறை அங்கேதான் பச்சையாகத் தெரியும்.

முதலாவது, சரங்களை ஒட்டி எழுதுவது. ‘பிராக்கெட் & கிளாம்ப்’ என்று ஒரு பாகத்தின் பெயர். எக்செல் மேக்ரோ ஒன்று தொடக்கக் குறிச்சொல், கலத்தின் மதிப்பு, முடிவுக் குறிச்சொல் என்று மூன்றையும் ஒட்டி வரி வரியாகக் கோப்பில் தள்ளுகிறது. & குறி தப்புக்குறியாக மாறாமல் அப்படியே போனால் முழுக் கோப்பும் செல்லாது. சீரியலைசர் வழியாக எழுதியிருந்தால் இந்தப் பிழை வந்திருக்கவே முடியாது. ஆனால் பொதுவான சீரியலைசர் இல்லாத ஆண்டுகளில் பழகிய கை, அது வந்த பிறகும் ஒட்டுவதை விடவில்லை.

இரண்டாவது, குறியாக்கம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்’99 மாநாடு டாம், டாப் என்ற தமிழ்க் குறியாக்கங்களைப் பரிந்துரைத்தது. (இந்த டாம், மேலே சொன்ன மர இடைமுகம் அல்ல.) தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடை ஏற்றது. இந்தப் பதினோராண்டில் தமிழ்க் கோப்புகள் பல குறியாக்கங்களில் கிடந்தன. விண்டோஸில் தமிழுக்கென்று பழைய வகைக் குறியீட்டுப் பக்கம் எதுவும் இல்லை. தமிழ் அங்கே யூனிகோடில் மட்டுமே வாழ்கிறது. ஆகவே மேக்ரோவின் பழைய கோப்பு எழுதும் கட்டளை தமிழ் எழுத்து ஒவ்வொன்றையும் ஒரு கேள்விக்குறியாக மாற்றிவிடும். கோப்பின் தலையில் யுடிஎஃப்-8 என்று அறிவிப்பு இருக்கும். உள்ளே ஊர்ப்பெயர் கேள்விக்குறி வரிசையாக இருக்கும். வாசிக்கும் நிரலான பார்சர் இதைப் பிழை என்று சொல்லாது. கேள்விக்குறி செல்லுபடியாகும் எழுத்துதானே.

சரியாக எழுதும் கருவிகளிடையேயும் ஒற்றுமை இல்லை. ‘சிங்கப்பெருமாள் கோவில்’ என்ற பெயரில் 21 தமிழ்க் குறியீட்டுப் புள்ளிகளும் ஓர் இடைவெளியும் உள்ளன. யுடிஎஃப்-8இல் அது 64 பைட். பைத்தானின் எலிமென்ட்ட்ரீ தொகுப்பு, குறியாக்கம் சொல்லப்படாதபோது ஆஸ்கியில் எழுதுகிறது; அப்போது ச என்ற எழுத்து &#2970; என்று ஏழு எழுத்தாகும், முழுப் பெயர் 148 பைட் ஆகும். பார்சருக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் கோப்பைப் பார்சர் இல்லாமல் வரியாக வெட்டி வாசிக்கும் பழைய நிரலுக்கும், பெயருக்கு 100 பைட் மட்டும் ஒதுக்கிய தரவுத்தளத்துக்கும் அவை வெவ்வேறு. டாட்நெட்டில் இன்னொரு கோணல்: சரமாக எழுதினால் தலைப்பில் யுடிஎஃப்-16 என்று அறிவிப்பு விழும். அந்தச் சரத்தை யுடிஎஃப்-8 பைட்டுகளாக அனுப்பினால் அறிவிப்பும் பொருளும் முரண்படும். எழுதும் கருவிக்கு, தான் எழுதுவது எப்படி அனுப்பப்படும் என்று தெரியாது என்பதே இதன் வேர்.

மூன்றாவது, கட்டுப்பாட்டெழுத்து. டேலி தன் தரவை எக்ஸ்எம்எல்லாக ஏற்றுமதி செய்யும்போது, அது தானே வைத்திருக்கும் சில மதிப்புகளின் முன் &#4; என்ற குறிப்பை இடுவது உண்டு. எக்ஸ்எம்எல் 1.0இல் 32க்குக் கீழ்ப்பட்ட எழுத்துகளுள் தாவல், வரி மாற்றம், வரித் திரும்பல் ஆகிய மூன்றுக்கு மட்டுமே அனுமதி. 4ஆம் எண் எழுத்தைக் குறிப்பாகக்கூட எழுத முடியாது. 2004இல் வந்த 1.1 பதிப்பு அதை ஏற்றாலும் அந்தப் பதிப்பு பரவவில்லை. ஆகவே டேலிக் கோப்பை வேறு மென்பொருளில் ஏற்றுபவர்கள், பார்சருக்குக் கொடுக்கும் முன் அந்த நான்கு எழுத்துகளையும் தேடி நீக்கும் ஒரு வரியைத் தம் நிரலில் எழுதிக்கொள்கிறார்கள். எழுதும்போது நடக்க வேண்டிய சோதனை, வாசிப்பவரின் வேலையாகிவிட்டது. மறுபக்கம், டேலிக்கு எக்ஸ்எம்எல்லை எச்டிடிபி வழியாக அனுப்பி உள்ளிடும்போது எத்தனை பதிவுகள் உருவாயின, எத்தனை மாறின, எத்தனை பிழை என்று எண்ணிக்கை பதிலாக வருகிறது. எடிஃபாக்டின் பழைய ஒழுங்கின் சாயல் இது.

5. அனுப்புதலும் கையொப்பமும்

1999 மார்ச்சில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5உடன் வந்த எக்ஸ்எம்எல்எச்டிடிபி பொருளும், 2000 மே மாதத்தில் வெளியான சோப் 1.1 குறிப்பும், எழுதிய ஆவணத்தை இணையத்தில் தள்ளுவதை எளிதாக்கின. ஆனால் அனுப்பும் உறையும் உள்ளிருக்கும் ஆவணமும் வெவ்வேறு விதிகளுக்குக் கட்டுப்பட்டன. 2001இன் ஆர்எஃப்சி 3023 படி, ‘உரை/எக்ஸ்எம்எல்’ என்ற வகைப்பெயரோடு குறியாக்கம் சொல்லாமல் அனுப்பினால், ஆவணம் தன்னைப் பற்றி என்ன சொல்லியிருந்தாலும் அது ஆஸ்கியாகவே கொள்ளப்பட வேண்டும். விதியை எழுத்துப்படி பின்பற்றியிருந்தால், சரியாக எழுதிய தமிழ் ஆவணமும் வழியில் செல்லாததாகிவிடும். 2014இல் ஆர்எஃப்சி 7303 வந்துதான் இதை மாற்றியது.

பாதியில் அறுந்த இணைப்பு இன்னொரு கேள்வியை எழுப்பியது. பதில் வராவிட்டால் ஆவணம் போகவில்லையா, போய்ப் பதில்தான் தொலைந்ததா? மறுபடி அனுப்பினால் அதே இன்வாய்ஸ் இரண்டு முறை பதிவாகுமா? ஈபிஎக்ஸ்எம்எல் செய்திச் சேவையும் பின்னர் வந்த நம்பகச் செய்தி நெறிகளும் இதற்கு விடை தந்தன. ஆனால் அவற்றை நிறுவிப் பராமரிக்கும் வசதி சிறிய சப்ளையருக்கு எட்டாதது.

கையொப்பம் வந்தபோது வெளியீட்டின் குறை கூர்மையானது. ஒரே பொருளுள்ள எக்ஸ்எம்எல் ஆவணத்தைப் பல பைட் வரிசைகளில் எழுத முடியும். கையொப்பமோ பைட்டுகளின் மீது இடப்படுவது. அதனால் 2001இல் நெறிவடிவ எக்ஸ்எம்எல்லும் 2002இல் எக்ஸ்எம்எல் கையொப்பமும் தரமாயின. பண்புகளின் வரிசை, மேற்கோள் வகை போன்றவற்றை நெறிவடிவம் ஒன்றாக்கும். எழுத்துகளின் யூனிகோட் அமைப்பை அது தொடுவதில்லை. தமிழுக்கு இது நேரடியாக உறைக்கும். ‘கோவில்’ என்பதன் கோ, ககரமும் ஓகாரக் குறியுமாக இரண்டு புள்ளிகளில் எழுதப்படலாம். ககரம், ஏகாரக் குறி, கால் என்று மூன்று புள்ளிகளிலும் எழுதப்படலாம். கண்ணுக்கும் யூனிகோட் விதிக்கும் இரண்டும் ஒன்றே. கையொப்பத்துக்கு வேறு. இடையில் ஏதாவது ஒரு மென்பொருள் மூன்றை இரண்டாக்கி மீண்டும் எழுதினால், எழுத்து மாறாமலே கையொப்பம் உடையும்.

உறுப்புப் பெயர்களிலும் தமிழுக்கு ஓர் ஓரம் இருந்தது. எக்ஸ்எம்எல் 1.0இன் முதல் நான்கு பதிப்புகள் பெயர்களுக்கான எழுத்துப் பட்டியலை யூனிகோட் 2.0இலிருந்து எடுத்து உறைய வைத்திருந்தன. 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶ என்ற எழுத்து அதில் இல்லை. 2008 நவம்பரில் வந்த ஐந்தாம் பதிப்புதான் அந்த வேலியை எடுத்தது.

6. ஏசஸ் முதல் மின்-இன்வாய்ஸ் வரை

மத்திய கலால், சேவை வரி நிர்வாகத்தைக் கணினிமயமாக்கிய ஏசஸ் திட்டத்தில், ரிட்டர்னை மின்வழியில் தாக்கல் செய்வது 2011 அக்டோபர் 1 முதல் எல்லோருக்கும் கட்டாயமானது. ஆலைக் கணக்கர் எக்செல் படிவத்தை நிரப்பிச் சரிபார்த்து, எக்ஸ்எம்எல் கோப்பை உருவாக்கி, இணையத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. கையால் ஒட்டும் வேலையை அந்தப் படிவம் நீக்கியது உண்மைதான். தீர்ப்பு மட்டும் தள்ளிப்போனது. ஏற்றியதும் ரிட்டர்னின் நிலை ‘ஏற்றப்பட்டது’. கணினி அதைப் பின்னர் பரிசீலித்த பிறகே ‘தாக்கலானது’ அல்லது ‘நிராகரிக்கப்பட்டது’. கடைசி நாளில் ஏற்றியவர் முடிவு தெரியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிராகரிக்கப்பட்டால் திருத்தி மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது.

2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி வந்தது. அதன் வலையமைப்பு ஜேசனைத் தேர்ந்தது. ஜாவாஸ்கிரிப்டின் 2009ஆம் ஆண்டுத் தரத்தில் ஜேசனை வாசிக்கும் கட்டளையும் எழுதும் கட்டளையும் இரட்டையாக, ஒன்றாகவே சேர்ந்திருந்தன. எக்ஸ்எம்எல்லின் ஆறாண்டு இடைவெளி இங்கே ஒரு நாள்கூட இல்லை. ஜேசன் எளிமையானது என்பதைவிட இதுவே பெரிய வேறுபாடு.

மின்-இன்வாய்ஸ் 2020 அக்டோபர் 1 அன்று 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத் தொடங்கியது. 2021 ஜனவரியில் வரம்பு 100 கோடியானது. ஏப்ரலில் 50 கோடியானது. 2022 ஏப்ரலில் 20 கோடிக்கும் அக்டோபரில் 10 கோடிக்கும் இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 அன்று 5 கோடியில் நின்றது. தொழில்தடத்தின் மொழியில் சொன்னால், கார் ஆலையில் தொடங்கிய கட்டாயம் மூன்றாண்டுக்குள் அதன் பிராக்கெட் சப்ளையர் வரை இறங்கியது.

இதன் அமைப்பில் மூன்று அம்சங்கள் நம் வாதத்துக்கு முக்கியம். ஒன்று, இன்வாய்ஸைப் பெறும் பதிவுத்தளம் உடனுக்குடன் சரிபார்த்து, ஏற்றால் பதிவெண்ணும் கையொப்பமிட்ட ஆவணமும் கியூஆர் குறியும் தருகிறது. ஏற்காவிட்டால் பிழை எண்ணைத் தருகிறது. இரண்டு, 64 எழுத்துப் பதிவெண் விற்பவரின் வரி எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் ஆகிய நான்கிலிருந்து கணக்கிடப்படுகிறது. பதில் தொலைந்து மறுபடி அனுப்பினாலும் அதே எண்தான் பிறக்கும். தளம் 2150 என்ற பிழை எண்ணோடு ‘ஏற்கெனவே உள்ளது’ என்று திருப்பும். இரட்டைப் பதிவு பற்றிய பழைய கேள்விக்கு, தனிச் செய்தி நெறி எதுவும் இல்லாமலே விடை. மூன்று, கையொப்பம் 2015இன் ஜேசன் இணையக் கையொப்ப முறையில் இடப்படுகிறது. இதில் ஆவணத்தை நெறிப்படுத்தி மறுபடி எழுதும் கட்டமே இல்லை. எந்தப் பைட்டுகள் கையொப்பமாயினவோ அவையே குறியாக்கப்பட்டு அப்படியே பயணிக்கின்றன. கோ இரண்டு புள்ளியா மூன்று புள்ளியா என்ற ஆபத்து எழாது.

7. விவாதம்

மின்-இன்வாய்ஸின் இந்த மூன்று அம்சங்களில் மூன்றாவது மட்டுமே வடிவத்தோடு நெருங்கிய தொடர்புடையது. அதுவும் முழுமையாக அல்ல. கையொப்பமிட்ட பைட்டுகளைத் தொடாமல் அனுப்பும் முறையை எக்ஸ்எம்எல்லிலும் அமைத்திருக்கலாம். முதல் இரண்டுக்கும் ஜேசன் தேவையே இல்லை. எதிர்ச்சான்றும் நம் நாட்டிலேயே இருக்கிறது. ஆதார் அங்கீகாரமும் யுபிஐயும் கையொப்பமிட்ட எக்ஸ்எம்எல்லைத்தான் பயன்படுத்துகின்றன. அங்கே எழுதுவோர் வங்கிகளும் உரிமம் பெற்ற நிறுவனங்களும். பெறுபவர் உடனே பதில் சொல்கிறார். பரிவர்த்தனை ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. வடிவம் பழையதாக இருந்தும் முறை நிற்கிறது. ஏசஸில் வடிவம் அதேதான். பதில் தாமதித்ததால் முறை வலித்தது.

எடிஃபாக்ட் எண்ணிக்கையையும் ஒப்புகையையும் செய்திக்குள்ளேயே வைத்திருந்தது. எக்ஸ்எம்எல் அவற்றை வெளியே விட்டது. இடைமுகங்கள் வெளியே விட்டதைப் பொறுக்கி எடுக்கவில்லை. மின்-இன்வாய்ஸ் அவற்றைத் தளத்தின் கடமையாகத் திரும்பக் கொண்டுவந்தது. புதுமை என்று கொண்டாடப்பட்டதில் ஒரு பகுதி, 1980களின் ஒழுங்கு மீண்டு வந்ததே.

மீட்பு முழுமையடையவில்லை. 5 கோடிக்குக் கீழான பட்டறைகள் இந்த வளையத்துக்கு வெளியே இருக்கின்றன. வரித்துறைக்குப் போகும் இன்வாய்ஸும் வாங்கும் ஆலைக்குப் போகும் ஏ.எஸ்.என்.னும் இன்னும் ஒரே ஆவணமாகவில்லை. வெண்டார் போர்ட்டலுக்கேற்ப அதே விவரத்தை வேறு வடிவில் மறுபடி தர வேண்டும். அங்கே எக்செல் மேக்ரோவும் சரங்களை ஒட்டும் வழக்கமும் உயிரோடு இருக்க இடமுண்டு.

8. முடிவுரை

வெளியீட்டு இடைமுகங்களின் வரலாறு மூன்று முடிவுகளைத் தருகிறது. வாசிப்பவரை மட்டும் கட்டுப்படுத்தும் தரநிலை, பிழையின் செலவை எழுதியவரிடமிருந்து அடுத்தவருக்குத் தள்ளுகிறது. எழுதும் கருவி தாமதித்து வந்தால், அதற்குள் படிந்த கைவழக்கம் கருவி வந்த பிறகும் நீங்குவதில்லை. அனுப்புதல் என்பது எழுதுதலின் நீட்சி அல்ல. அதற்கென்று எண்ணிக்கையும் ஒப்புகையும் இரட்டிப்புத் தடுப்பும் தனியே வேண்டும்.

தொழில்தடத்துக்கு இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை வழி ஒன்று உண்டு. வாங்கும் ஆலைகள் தங்கள் ஏ.எஸ்.என். தளங்களை அடுத்த முறை புதுப்பிக்கும்போது எந்த வடிவம் என்ற விவாதத்தில் காலம் கழிக்க வேண்டாம். இன்வாய்ஸ் எண்ணிலிருந்தே கணக்கிடப்படும் நிலையான பதிவெண், லாரி புறப்படுவதற்கு முன்பே கிடைக்கும் தெளிவான பிழைப் பதில், தமிழ்ப் பெயர்களை எந்த யூனிகோட் அமைப்பில் ஏற்பது என்ற அறிவிப்பு ஆகிய மூன்றையும் எழுத்தில் தந்தால் போதும். மின்-இன்வாய்ஸின் கையொப்பமிட்ட கியூஆர் குறி ஏற்கெனவே லாரியோடுதான் வருகிறது. லாரி புறப்படும் முன்பே அதைப் படித்து ஏ.எஸ்.என்.னின் பொது விவரங்களை நிரப்பிக்கொண்டால், சப்ளையர் இரண்டாவது முறை எழுதும் வேலை ஓரளவு குறையும். எழுதும் தடவைகள் குறைந்தால் பிழைக்கான வாய்ப்பும் குறையும்.